செஞ்சி நைனா எங்கிருந்தாலும் வரவும்

போன சித்திரையில், மதுரையில், மீனாட்சி கல்யாணத்தன்று காலையில் நடந்தது இது. ஊர் திரும்பி எத்தனையோ மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கேயாவது மைக்கில் யாராவது தொண்டையைக் கனைத்தால் இன்றும் நான் திரும்பிப் பார்க்கிறேன். எங்கள் செஞ்சி பேருந்து நிலையத்தில் வெள்ளரிக்காய் வண்டிக்காரர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தால்கூட ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே தூங்கும், யார் போய்த் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் பணி பார்த்திருக்கிறேன். காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் பந்தல் பெரும்பாலும் என் பொறுப்பில்தான் இருக்கும். பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், அங்க அடையாளம், உடுத்தியிருந்த உடை. இந்த வரிசை தப்பினால் அறிவிக்க விடமாட்டேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம், "முதல்ல பேரைச் சொல்லுங்க, அப்புறம் அழலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் கல்மனசு என்று பெயர் வைத்தார்கள். நான் அதை நடைமுறை என்பேன்.

மதுரைக்குப் போக வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. மீனாட்சிக்குத் தாலி கட்டும் நேரத்தில் அங்கே கூடியிருக்கும் பெண்கள் எல்லோரும் தங்கள் பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புதுக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். அதில் தானும் ஒருத்தியாக நிற்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தேர்தல் பணி, ஜமாபந்தி, வெள்ள நிவாரணம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு சொல்வதற்குக் காரணம் தீர்ந்துபோயிற்று.

"இப்ப இன்னா வேலை உங்களுக்கு? பேப்பர் படிக்கிறதுக்கு லீவு வேணுமா?" என்று ஒரு நாள் கேட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனில் அவளோடு சேர்ந்துகொண்டாள். "நைனா, பேசாம அம்மாவை இட்டுக்கினு போ. இல்லன்னா நான் வந்து இட்டுக்கினு போவேன், உனக்குத்தான் அசிங்கம்." கிளம்பினேன்.

எங்கள் ஊருக்கும் வெளியாட்கள் வருவார்கள். கோட்டையைப் பார்க்கப் பாதி மலை ஏறுவார்கள், மூச்சு வாங்கி இறங்குவார்கள், "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்று கேட்பார்கள். நாங்கள் திண்டிவனம் சாலையைக் கைகாட்டுவோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவனுக்கு முந்தின நாள் மாலை மதுரையைப் பார்த்ததே பாதி அதிர்ச்சி. ஒரு தெருவில் நாதஸ்வரம், அடுத்த தெருவில் பறை, மூன்றாவது தெருவில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. யாரும் காதைப் பொத்தவில்லை. நடுரோட்டில் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறார்கள், இட்லிக்கு நான்கு வகைச் சட்னி வைக்கிறார்கள், அதற்குப் பிறகும் "வேறென்னங்க வேணும்?" என்று முகத்தைப் பார்க்கிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் என் மனைவி, "இன்னா இருக்குது?" என்று கேட்டாள்.

"மெட்ராஸாம்மா?" என்றார் பரிமாறுகிறவர்.

"மெட்ராஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. செஞ்சி."

"இஞ்சியா? இஞ்சிச் சட்னி நாளைக்குத்தாம்மா."

அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, மறுநாளுக்கான ஏற்பாடுகளைச் சொல்ல ஆரம்பித்தேன். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடிக்கொண்டு அலையக் கூடாது. தண்ணீர்ப் பந்தலில் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது, அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, ஆகவே இரண்டு கைப்பேசியும் விடுதி அறையிலேயே இருக்கும்.

"நாமதான் உள்ள போகப் போறதே இல்லியே. பாஸும் கிடைக்கல. தெருவுல டிவில பாக்கறதுக்குப் போனை எதுக்கு வெச்சிட்டுப் போகணும்?"

"விதி விதிதான்" என்றேன். ஆதார் நகல், மாத்திரை, இட்லிப் பொட்டலம், தண்ணீர் எல்லாம் ஒரே பையில், என் தோளில். அவள் கையில் ஒரு மஞ்சள் கயிறும் குங்குமப் பொட்டலமும் மட்டும்.

காலையில் மாத்திரையை நேரத்துக்குப் போட வைத்தேன். சாப்பிட மட்டும் மறுத்துவிட்டாள். கயிறு மாற்றிய பிறகுதான் வாயில் எதையும் வைப்பாளாம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தானே, முடிந்ததும் நின்ற இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்துவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மேலச் சித்திரை வீதியில் பெரிய திரைக்கு எதிரே எங்களுக்கு இடம் கிடைத்தது. கெட்டிமேளம் முழங்கியது. அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தெரு முழுக்க இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து, கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சத்தம் எல்லாம் இருந்தும் எதுவும் கேட்காததுபோல ஆகிவிட்டது. இந்த வயதில் தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன்.

திருப்பிய இடத்தில் தடுப்புக் கயிறு கண்ணில் பட்டது. வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி வைத்திருந்தார்கள். கூட்டம் கலையும்போது என்ன ஆகும் என்று என்னைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை. அங்கே நின்ற ஊர்க்காவல் படை வீரரிடம் போய், கயிற்றை எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சரி பெருசு. வெயில்ல நிக்காதீக. அங்கிட்டு நெழல்ல போங்க" என்றார்.

பெருசு! முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணி செய்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. கல்யாணச் சாப்பாட்டுக்கு ஒரு கூட்டம், மொய் எழுத ஒரு கூட்டம், வீட்டுக்கு ஒரு கூட்டம் என்று எல்லோரும் அந்த ஒரே வழியில் பாய்ந்தார்கள். நான் சொன்னது சரியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம்.

நின்ற இடத்தில் வேறு முகங்கள். பத்தடி தள்ளிப் பார்த்தேன், வேறு முகங்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. என்னவென்று கூப்பிடுவது? வீட்டில் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தாம்மா" என்பேன், அவள் வருவாள். "இந்தாம்மா!" என்று கத்தினேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் அவள் இல்லை.

நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்ற விதியை மறந்து ஓடினேன். தெற்குக் கோபுரத்துப் பக்கம் காவல் உதவி மையம் ஒன்று இருந்தது. மைக் பிடித்த காவலருக்குக் காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கட்டியிருந்தது. நான் வரிசை தப்பாமல் ஒப்பித்தேன். ஆதாரில் உள்ளபடி பெயர், வயது, கணவர் பெயர், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

"சேலை என்ன கலருங்கய்யா?" என்றார்.

நான் யோசித்தேன்.

"புடவை கட்டியிருந்தாங்க" என்றேன்.

"அது சரிங்கய்யா. இங்க இருக்க அம்புட்டுப் பேரும் சேலைதான். என்ன கலரு?"

தெரியவில்லை. காலையில் எனக்கு எதிரேதான் கட்டினாள். முந்தானையைச் சரிசெய்யும்போது "நல்லா இருக்குதா?" என்று கேட்கவும் கேட்டாள். நல்லா இருக்குது என்று சொன்னேன். எதைப் பார்த்துச் சொன்னேன்?

"மச்சம், தழும்பு ஏதாச்சும்?"

அதுவும் தெரியவில்லை. எத்தனையோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. பதில் சொல்லத் திணறியவர்களை, "கூட இருந்தவங்கதானே, இதுகூடத் தெரியாதா?" என்று பார்த்த பார்வையை இப்போது அந்தக் காவலர் என் பக்கம் திருப்புவார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. "பரவால்லங்கய்யா, பதட்டத்துல வராது" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தட்டினார்.

அறிவிப்பிலும் வட்டம், மாவட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார். திருமதி இன்னார் எங்கிருந்தாலும் தெற்குக் கோபுரப் பக்கம் வரவும், கணவர் காத்திருக்கிறார் என்பதோடு சரி. என் சட்டைப் பையிலிருந்த ரசீதைப் பார்த்து விடுதிக்கும் போன் போட்டுக் கொடுத்தார். அங்கே அவள் வரவில்லை. வரவும் முடியாது. விடுதியின் பெயர் அவளுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் நானே வைத்திருந்தேன்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். பையில் இட்லிப் பொட்டலம் சூடு ஆறிக் கிடந்தது. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு முதலில் கை நடுங்கும், பிறகு பேச்சு குளறும். ஒருமுறை வீட்டிலேயே அப்படி ஆகி, உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அது என்னவென்று தெரியாமல் நின்றாள். இந்தக் கூட்டத்தில் பேச்சுக் குளறுகிற ஒரு பெண்ணை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் வேறொரு ஒலிபெருக்கியிலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. கிழக்குப் பக்கத்து மையத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். "செஞ்சியில இருந்து வந்திருக்கிற நைனா... செஞ்சி நைனா... ஒங்க பாப்பா இங்க கிழக்கு வாசல்ல உக்காந்திருக்கு. சாப்பிட மாட்டேங்குது. எங்கிருந்தாலும் ஒடனே வரவும்."

"ஒங்க ஊர்க்காரரு போல" என்றார் காவலர்.

"எங்க ஊர்தான். அதுதான் வெட்கக்கேடு" என்றேன். எனக்கு இருந்த கவலையெல்லாம் கோபமாகத் திரும்பியது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் விட்டுவிட்டு, மைக்கில் கூப்பிட்டும் வராமல் எங்கே போய்த் தின்றுகொண்டிருக்கிறான் அவன்? குழந்தையைக் கவனிப்பாரில்லாமல் விட்டால் எந்தச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கலாம் என்றுகூட அந்தக் காவலருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் சோடாவை என்னிடம் நீட்டி, "நீங்க கொஞ்சம் குடிங்கய்யா" என்றார்.

திரும்பத் திரும்ப அதே அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நைனாவைத் திட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் காவலரின் வாக்கிடாக்கி கரகரத்தது. அதைக் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். சாப்பாட்டுப் பந்தி அருகே வயதான பெண் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கையில் போன் இல்லை, பை இல்லை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

அவரே ஓர் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். ஓட்டுநர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்தார். "கவலப்படாதீகய்யா. இது மீனாட்சி ஊரு. இங்க பொம்பளைக தொலைய மாட்டாக. ஆம்பளைகதேன் தொலைவாய்ங்க" என்றார். அந்த நேரத்தில் ஒரு மனிதனிடம் சொல்கிற வேடிக்கையா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எதுவும் நினைவுக்கு வரவில்லை. "புதுக்கயிறு... மஞ்சள் கயிறு..." என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

போர்வை கழுத்துவரை இழுத்திருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மஞ்சள் கயிறு தெரிந்தது. போர்வைக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் இல்லை. அங்க அடையாளம் சொல்லத் தெரியாதவனுக்குப் பாதத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கட்டிலில் ஒரு பெண் மயங்கிக் கிடக்கிறார், நான் சுவரில் சாய்ந்து சிரிக்கிறேன். சத்தம் கேட்டு அவர் கண் விழித்தார். என்னைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. "வந்துட்டீகளா?" என்றார்.

என் சிரிப்பு நின்றது. "வந்துக்கிட்டே இருக்காரும்மா" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கணவரும் எங்கேயோ ஒரு மைக்குக்குக் கீழே நின்று, சேலை என்ன கலர் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

ஆட்டோ ஓட்டுநர் போகாமல் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்தேன். கோயிலை நெருங்க நெருங்க ஒலிபெருக்கிகள் மறுபடி காதில் விழுந்தன. "செஞ்சி நைனா... செஞ்சி நைனா..."

"அய்யா எந்தூருன்னு சொன்னீக?"

"செஞ்சி."

"இந்த நைனாவைக் காலையில இருந்து கூவுறாய்ங்க. பாவம், அந்தப் புள்ள. நைனாங்கறது பேராங்கய்யா?"

"பேர் இல்லப்பா. எங்க ஊர்ல அப்பாவை நைனான்னு கூப்பிடுவாங்க."

அவர் சிரித்தார். "அப்ப வெறும் நைனான்னு கூப்பிட்டா ஒங்க ஊருல பாதிப் பேரு வந்து நிப்பாகளே! எந்தப் பாப்பாவோட நைனான்னு கண்டது?"

எந்தப் பாப்பா?

என் மகளுக்குப் பள்ளியில் ஒரு பெயர் உண்டு. அவள் அலுவலகத்து அடையாள அட்டையிலும் அந்தப் பெயர்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனால் வீட்டில் அவள் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை பாப்பாதான்.

பாப்பா நைனா.

அதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு எதிரே அல்ல, கதவுக்கு அந்தப் பக்கம். கேஸ் கொண்டுவருகிறவரிடம், மாவு வாங்க வரும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் என் மனைவி சொல்வாள். "பாப்பா நைனா வெளிய போயிருக்கறாரு." "பாப்பா நைனாக்குக் காரம் ஆகாது." என்னை நேரில் "இன்னாங்க" என்றுதான் கூப்பிடுவாள். நான் இல்லாத இடத்தில் எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. நான் இல்லாத இடத்தில் நான் எப்படி இருந்து கேட்பேன்?

"நிறுத்து" என்றேன். "நிறுத்தாதே. கிழக்கு வாசலுக்குப் போ. அது நான்தான்."

"எது நீங்க?"

"அந்த நைனா!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டோ ஒரு பூக்கடையில் ஏறிவிட இருந்தது.

கிழக்கு வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கல்யாணச் சாப்பாட்டுத் தட்டு, கல்கண்டு சாதம், பிரிக்காத கேசரிப் பொட்டலம். எதையும் தொடவில்லை. மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குக் கரை. இப்போது தெரிந்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

பக்கத்தில் நின்ற பெண் காவலர் இடுப்பில் கை வைத்து, "நீங்கதேன் நைனாவா? நீங்க வந்தாத்தேன் சாப்பிடுவாகளாம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மனைவி எழுந்துவிட்டாள். "எங்க போனீங்க? நின்ன எடத்துலயே நில்லுன்னு சொன்னது யாரு? நான் நின்னேன், கூட்டம் தள்ளிக்கினு வந்துடுச்சு. நீங்க எங்க போனீங்க? இன்னா இப்படி வேர்த்திருக்குது? முதல்ல உக்காருங்க." தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள்.

அதற்குள் மேடையில் மைக் பிடித்திருந்த காவலர் கீழே இறங்கி வந்து, "பாப்பா எங்க? யாரு வந்து வாங்கிக்கிறது?" என்றார். பெண் காவலர் என் மனைவியைக் காட்டினார். அவர் வாய் பிளந்தார். "இவுகளா? நீங்க கீழ இருந்து பாப்பா நைனான்னு கத்துனீக, சாப்பிட மாட்டேங்குதுன்னீக. நான் பச்சப்புள்ளைன்னுல்ல காலையில இருந்து அழுகாத கொறையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

நடந்தது இவ்வளவுதான். கூட்டம் தள்ளிக்கொண்டு வந்த இடத்தில் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. பூ விற்கிற ஒரு பெண் அதைக் கவனித்து, தண்ணீர்ப் பந்தலுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், பானகம் கொடுத்திருக்கிறார். வெல்லம் கரைத்த தண்ணீர். நான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததைத்தான் இரண்டு டம்ளர் குடித்திருக்கிறாள். அதனால்தான் எழுந்து நின்று என்னைத் திட்ட முடிந்தது. பிறகு அந்தப் பெண்ணே இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"புருசன் பேரச் சொல்லுங்கம்மான்னு கேட்டுக் கேட்டுத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சுங்கய்யா" என்றார் பெண் காவலர். "பாப்பா நைனாங்கறாக. பேரே அதுதானாங்கறேன், தலைய ஆட்டுறாக. சொல்ல வேணாம், எழுதியாச்சும் குடுங்கன்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டாக."

"எழுதினா மட்டும் சொன்ன மாதிரி ஆவாதா?" என்று மனைவி அவரிடம் திருப்பிக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "மத்த நாளா இருந்தாக்கூடப் பரவால்ல. தாலி மாத்தின கை இன்னும் காயல. இன்னிக்கிப் போயி உங்க பேரைச் சொல்லுவனா? உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

எனக்கு ஆகக்கூடியது என்ன, அவளுக்கு ஆக இருந்தது என்ன என்று எடுத்துச் சொல்ல என்னிடம் நியாயங்கள் நிறைய இருந்தன. அவற்றை விட்டுவிட்டுக் கேசரியைப் பிரித்துக் கொடுத்தேன். இப்போது சாப்பிட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"பாவம், இன்னொரு பொம்பளையையும் காணோமாம். நம்மள மாதிரியே. அந்தப் பக்கத்து மைக்ல சொல்லிக்கினே இருந்தாங்க. திருமதி, கிருமதின்னு மரியாதையா. மேளச் சத்தத்துல சரியாக் காதுல விழல. பேருகூட எம் பேரு மாதிரிதான் இருந்துச்சு. அவ கெடச்சுட்டாளா?"

பந்தலில் இருந்த நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"அது நீதான்" என்றேன்.

"நானா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். உன் பேர்தான் அது."

"எம் பேருதான்னு தோணுச்சு. நம்மள யாரு மைக்ல கூப்புடப் போறாங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு வெட்கத்தோடு மைக் காவலரைப் பார்த்து, "ஏம்ப்பா, இன்னொரு தபா கூப்புடேன். காதாரக் கேக்கறேன்" என்றாள்.

அவர் மறுபேச்சில்லாமல் மேடை ஏறினார். என்னிடம் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருமதி போட்டு, எழுத்து எழுத்தாக, கிழக்கு வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "தங்கள் நைனா கிடைத்துவிட்டார். இனிமேலாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆட்டோ ஓட்டுநர், "நான்தேன் சொன்னேன்ல, இங்க ஆம்பளைகதேன் தொலைவாய்ங்கன்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செஞ்சிக்குத் திரும்பிவிட்டோம். கோட்டை இருந்த இடத்தில் இருக்கிறது, வருகிறவர்களுக்குத் திண்டிவனம் சாலையைக் கைகாட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது வெளியே போய் வந்தால் நான் உடனே கதவைத் தட்டுவதில்லை, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் நிற்கிறேன். ஓய்வூதிய ஆணையிலிருந்து வாக்காளர் பட்டியல்வரை என் பெயர் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருக்கிறது. ஆனால் அன்று ஒருத்தி பட்டினியோடு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்ட பெயர் அதில் எதிலும் இல்லை. அந்தப் பெயர்க்காரனை நானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால், இன்றும் திடுக்கென்கிறது.